கரண்ட் பிறஷ் மீது பொறாமைப்பட்டவன்

நான் வேலை பார்த்த பல் கிளினிக்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கோப்புக் கொடுப்பார்கள். கையுறையை எப்படிக் கழற்றுவது, கருவிகளை எத்தனை நிமிடம் அவிப்பது என்று வரிசையாக எழுதிய கோப்பு. அதில் ஒரு விதி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும்: 'வருகையை நினைவூட்டத் தொலைபேசியில் அழைக்கும்போது நேரத்தை மட்டும் சொல்லவும். பல் தீட்டுவது பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.'

சென்ற மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை என் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தாள்.

"அங்கிள், இது என்ன விசர் ரூல்? பல்லுக் கிளினிக்கில இருந்து கொண்டு பல்லுத் தீட்டச் சொல்லக் கூடாதாம். ஆர் எழுதினது?"

எழுதியவர் அங்கே பல் வைத்தியரான மடாம். எழுத வைத்தவன் நான். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போனை வைக்க விடவில்லை. அவளுக்குச் சொன்னதில் கொஞ்சம் பூசி மெழுகினேன். இங்கே மெழுகாமல் எழுதப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் கூட்டுறவுக் கடையில் தராசில் சீனி நிறுத்தவன். மொன்றியலுக்கு வந்து பிஸ்கற் தொழிற்சாலையில் மாவுக்குச் சீனி கொட்டினேன். பல்லைக் கெடுக்கும் பக்கத்தில் இத்தனை வருடம் விசுவாசமாக உழைத்துவிட்டு, நாற்பது வயதில் பல் மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போனேன். வகுப்பில் நான் ஒருவனே ஆண், நானே கிழவன். பல் அச்செடுக்கும் பசையை நான் குழைத்தால் வாய்க்குப் போக முன்னரே கிண்ணத்தில் இறுகிவிடும். மூன்று கிண்ணங்களை அப்படி இழந்த பிறகு, 'இவரிடம் கலக்கும் வேலை கொடுக்க வேண்டாம்' என்ற சிபாரிசோடு சான்றிதழ் தந்தார்கள்.

கிளினிக் மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில், தெப்பனேர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சனங்கள் கீழே இனிப்பு வாங்கி வாயில் போட்டுக்கொண்டே மேலே பல் காட்ட ஏறி வருவார்கள். நாங்கள் மடாம் என்று அழைத்த பல் வைத்தியர் அறுபதை நெருங்கிய கியூபெக்காரப் பெண்மணி. என்னை 'மெசியே நேசன்' என்று மரியாதையாகத்தான் அழைப்பார், கத்த மாட்டார். கோபம் வந்தால் கையுறையை விரல் விரலாகக் கழற்றுவார். சந்தோஷம் வந்தாலும் அப்படியேதான் கழற்றுவார். எந்தக் கழற்றல் எது என்று பிடிபட எனக்கு ஆறு வருடம் ஆனது. இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பிள்ளையின் வாயைப் பார்க்க முன்னர் அட்டையைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்துத் தலையாட்டுவார். அட்டையில் எண்களை எழுதுவது என் வேலை.

அந்த எண் எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுப்போம். சப்பி, எச்சிலை வாய் முழுக்கச் சுழற்றி, துப்பி, ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். சுத்தமான பல் வெள்ளையாகவே இருக்கும். ஊத்தை ஒட்டியிருக்கும் இடமெல்லாம் பீற்றூட் தின்றதுபோலச் சிவந்துவிடும். ஒரு பல்லுக்கு நாலு பக்கம். சிறு கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பக்கமாக எண்ணி, சிவப்பு உள்ள பக்கங்களைப் பென்சிலால் குறிப்பேன். எண் குறைந்தால் நல்ல பிள்ளை. பிறகு தொடங்கும் என் ராச்சியம்: பிறஷ் வகுப்பு. பூசணிக்காய் அளவு ஒரு பிளாஸ்ரிக் தாடை, அதற்கேற்ற உலக்கை போல ஒரு பிறஷ். பிள்ளைக்குப் பின்னால் நின்று, அதன் கையின் மேல் என் கையை வைத்து, முரசோரத்தில், அதாவது பல் ஈறின் ஓரத்தில், சின்னச் சின்ன வட்டம் போடச் சொல்லிக் கொடுப்பேன். நடுவில் இரண்டு பகிடி. பிள்ளைகள் சிரிப்பார்கள், தாய்மார் சிரிப்பார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் "பல்லு அண்ணை" என்று நாலு பேர் கையசைப்பார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் வித்யா வந்து சேர்ந்தாள்.

சென்னையில் பல் டொக்டராக இருந்தவள். கணவனுக்கு இங்கே கொம்பியூட்டர் வேலை. இந்த ஊரில் திரும்பப் படித்து, பல் சுத்தம் செய்யும் உரிமம் எடுத்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னைவிட நல்ல பிரெஞ்சு, என்னிடம் இல்லாத உரிமம், என்னிடம் இல்லாத பட்டம். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. முதல் நாளே "வணக்கம் அங்கிள்" என்றாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊருக்கே அண்ணையாக இருந்தவன் ஒரே காலையில் அங்கிள் ஆனேன்.

இரண்டாம் வாரம் கைப்பையிலிருந்து ஒரு கரண்ட் பிறஷை எடுத்தாள். பிள்ளைகளுக்கானது. கைபிடியில் ஒரு மஞ்சள் மீன். பொத்தானை அழுத்தினால் தலை சுற்றும், இரண்டு நிமிடம் பாட்டுப் பாடும், பாட்டு முடிந்தால் தீட்டி முடிந்தது. அறையில் இருந்த மூன்று பிள்ளைகள் என் பூசணித் தாடையை நடுவழியில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். நான் உலக்கைப் பிறஷோடு தனியே நின்றேன்.

"அங்கிள், இத பாருங்களேன், எவ்ளோ க்யூட்டா இருக்கு!"

"ம்," என்றேன். "பற்றரி முடிஞ்சா?"

"மாத்திக்கலாம், அங்கிள்."

ஒருநாள் அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் பற்றரியைத் தலைகீழாகப் போட்டு வைத்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுசன் செய்கிற வேலையா இது? அவள் வந்து அழுத்தினாள், மீன் பாடவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, "ஐயையோ, மீன் தலைகீழா தூங்குது!" என்று திருப்பிப் போட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, "Encore! Encore!" என்று இன்னொருமுறை செய்யச் சொல்லிக் கத்தினார்கள். அன்றைய தினத்தின் மிகச் சிறந்த பகிடியை நான்தான் தயாரித்தேன். பேர் அவளுக்குப் போனது.

வீட்டுக்குப் போனால் என் மனைவி குளியலறையில் வண்டு மாதிரி ரீங்காரம் செய்துகொண்டு நிற்கிறாள்.

"இதென்ன?"

வாயில் நுரையோடு திரும்பினாள். "வித்யா சொன்னவ. உங்கட வகுப்பு ஊருக்கு, எனக்கு இது."

தாய்மார் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்: கரண்ட் பிறஷா, கைப் பிறஷா? வித்யா ஒன்றைச் சொல்வாள், நான் மற்றதைச் சொல்வேன். மடாம் ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "வாதாட வேண்டாம், எண்ணிப் பார்ப்போம்" என்றார். கைப் பிறஷ் பிள்ளைகளுக்கு நீல அட்டை, கரண்ட் பிறஷ் பிள்ளைகளுக்கு மஞ்சள் அட்டை. எல்லாருக்கும் அதே சிவப்பு மாத்திரை. எண்ணுவது நான். அது வெறும் எண்ணிக்கை என்றுதான் மடாம் நினைத்தார். எனக்கு அது தேர்தல்.

முதல் சில வாரம் நீலம் தோற்றது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் சனத்தின் இயல்பு. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால்தான் நாங்கள் கட்டிலுக்குக் கீழே கூட்டுவோம். நினைவூட்டும் அழைப்புகளை எடுப்பதும் என் வேலைதானே. நீல அட்டை வீடுகளுக்கு எடுக்கும்போது மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "பிள்ளைக்கு இண்டைக்குப் பின்னேரமும் நாளைக்குக் காலமையும் நீங்களே பல்லை வடிவாத் தீட்டி விடுங்கோ. டொக்டர் வாயைப் பார்ப்பா." ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கண்டால் அங்கேயும் சொன்னேன். எந்தத் தாய் தன் பிள்ளையை ஊத்தைப் பல்லோடு வெள்ளைக்கார டொக்டரிடம் அனுப்புவாள்?

நீல எண்கள் மளமளவென்று இறங்கின. வித்யா அட்டைகளைப் பார்த்து, "சூப்பர் அங்கிள், உங்க பசங்க கலக்கறாங்க" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. பொறாமைப்படத் தெரியாத மனிதர்களோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இந்த நேரத்தில்தான் ஷெரின் வந்தாள்.

ஏழு வயது. தாய் றெஜினா மன்னார்ப் பக்கத்துப் பெண், எங்கள் கோயில். விடிய முன்னரே ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலைக்குப் போய்விடுவாள்; பிள்ளை தானே எழும்பி, தானே பல் தீட்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஷெரினுக்கு முந்தைய வருடம் பால் பற்கள் இரண்டைத் துளைத்து அடைத்திருந்தார்கள். அதிலிருந்து துளைகருவியின் சத்தம் பக்கத்து அறையில் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நாலு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைத்திருந்தன. நாலிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைத் திட்டு.

மடாம் நீண்ட நேரம் பார்த்தார். "இன்னும் துளை விழவில்லை. சுத்தமாக வைத்திருந்தால் இந்தத் திட்டுகள் இறுகிவிடும். இல்லாவிட்டால் துளைக்க வேண்டி வரும். மூன்று மாதம் பார்ப்போம்." பிரெஞ்சில் சொன்னதால் ஷெரினுக்குத் தாயைவிட முந்தி விளங்கியது. கதிரையின் கைபிடியை இறுகப் பிடித்தாள்.

"இவளுக்கு எலக்ட்ரிக் பிரஷ் குடுக்கலாம்," என்றாள் வித்யா. "தனியா தான பிரஷ் பண்றா. சத்தத்துக்குக் கொஞ்சம் பயப்படுவா, நான் பழக்கி விடறேன்."

றெஜினா அவளுக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே சப்பாத்துப் போடும் இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நேர்மையாகச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. "கரண்ட் பிறஷ் கையைச் சோம்பேறியாக்கும், தங்கச்சி. பிள்ளை ஏற்கெனவே சத்தத்துக்குப் பயம். கைப் பிறஷ் போதும், நான் பழக்கி விடுறன்." நீல அட்டை எடுத்து ஷெரினின் பேரை எழுதினேன். வகுப்பில் வழக்கம்போல அவள் கையின் மேல் என் கையை வைத்து வட்டம் போட்டேன். நல்ல வட்டம்.

டிசெம்பரில் அவள் வருவதற்கு முதல்நாள் றெஜினாவுக்கு அழைப்பு எடுத்தேன். கடைசி வரியையும் சேர்த்தேன். மறுநாள் சிவப்பு மூன்றே மூன்று இடத்தில். அன்று மடாமிடம் முன்பல் உடைந்த ஒரு ஹொக்கி விளையாட்டுக்காரன் இரத்தத்தோடு வந்து கிடந்தான். அட்டையை மட்டும் வாங்கி, விளக்கில் பிடித்து வாசித்துவிட்டு, "நன்று. மார்ச்சில் பார்ப்போம்" என்றார்.

வித்யா மட்டும் ஷெரினின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அங்கிள், ஈறு கொஞ்சம் வீங்கின மாதிரி இல்ல?"

"புதுப் பல்லு முளைக்கேக்க அப்படித்தான்," என்றேன். சீனி நிறுத்தவன், பல் டொக்டருக்குச் சொன்னேன்.

மார்ச்சிலும் அதே அழைப்பு, அதே கடைசி வரி. சிவப்பு நாலு இடம். ஆனால் அன்று மடாமுக்கு நேரம் இருந்தது. அட்டையைப் படித்துத் தலையாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கி, வாய்க்குள் பார்த்தார். தலையாட்டம் நின்றது. மெல்லிய ஊசி போன்ற அளவுகோலை எடுத்து முரசோரமாக, அழுத்தாமல், பல் பல்லாக இழுத்துக்கொண்டு போனார். அவர் போன வழியெல்லாம் இரத்தம் பொட்டுப் பொட்டாகப் பின்னால் வந்தது. கீழ்க்கடைவாயில் ஒரு பல்லின் வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் ஊசி முனை உள்ளே இறங்கியது.

"பற்கள் இன்று காலை தீட்டப்பட்டிருக்கின்றன," என்றார் மடாம். "முரசோ பல மாதமாகத் தீட்டப்படவில்லை. பல்லை ஒரு நாளில் சுத்தமாக்கலாம், மெசியே நேசன். முரசை ஒரு நாளில் ஆற்ற முடியாது." பிறகு பிள்ளையிடம் திரும்பினார். "இன்று உன் பல்லை யார் தீட்டியது?"

ஷெரின் சந்தோஷமாகப் பிரெஞ்சில் சொன்னாள்: "அம்மா. மெசியே நேசன் போன் எடுத்தா அம்மா வேலைக்கு லேட்டாப் போவா. மற்ற நாள் நான்தான்."

மடாம் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். சுண்டுவிரல். மோதிரவிரல். எந்தக் கழற்றல் இது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கழற்றி முடித்து, கை கழுவி, ஒரு சாதாரணப் பிறஷைப் பிரித்து ஷெரினிடம் கொடுத்தார். "வீட்டில் செய்வதுபோலச் செய்." என்னிடம், "பல்லைப் பார்க்க வேண்டாம். கையைப் பாருங்கள்."

பார்த்தேன். அந்த மணிக்கட்டு திரும்பவில்லை. முன்னும் பின்னும் இழுத்தாள். உள்பக்கத்துக்குப் போக வேண்டிய இடத்தில் கை பூட்டுப் போட்டதுபோல நின்றது. பிள்ளை தோளைத் தூக்கி, கழுத்தைச் சரித்து, எப்படியோ முயன்றாள். நாலு வயதில் பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கை உடைந்ததாம், எலும்பு பொருந்திவிட்டதாம், கை முழுக்கத் திரும்பாதாம். றெஜினா இதை அப்போதுதான் சொன்னாள். முன்னர் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். ஆறு மாதமாக அவள் கையின் மேல் என் கையை வைத்து, என் வட்டத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மடாம் என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டிசெம்பரில் நான் வாயைப் பார்க்காமல் உங்கள் அட்டையைப் பார்த்தேன். அது என் பிழை. அட்டையில் இருந்தது யாருடைய பிழை?"

"என்னுடையது."

"ஏன்?"

எனக்குப் பிரெஞ்சில் சாக்குச் சொல்லத் தெரிந்த அளவுக்கு உண்மை சொல்லத் தெரியாது. "ஜலூ," என்றேன். பொறாமை.

"வித்யா மீதா?"

"அவ மீது. அந்த மீன் பிறஷ் மீது."

இந்தக் கதையில் சிரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மடாம் சிரிக்கவில்லை. "எல்லா நீல அட்டைப் பிள்ளைகளையும் திரும்பக் கூப்பிடுங்கள்," என்றார். "இந்தத் தாயிடம் நீங்களே சொல்லுங்கள்."

சப்பாத்துப் போடும் அதே இடத்தில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல றெஜினா பிள்ளையின் கோட்டு ஸிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள், மேலே இழுத்தாள்.

"அந்தப் பிள்ளை சரியாத்தான் சொன்னது, என்ன?" என்றாள் கடைசியில். "டொக்டருக்குப் படிச்ச பிள்ளை. அதை விட்டுட்டு உங்களிட்டக் கேட்டனான். ஏன் கேட்டனான்? எங்கட ஆள் எண்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன். கோபப்படவில்லை.

பிறகு நீல வீடுகள் ஒவ்வொன்றாக அழைத்து, "இந்தமுறை விசேசமாத் தீட்ட வேண்டாம், சும்மா வாங்கோ" என்றேன். ஒரு தாய் மகனை மூன்று நாள் பல்லுத் தீட்டவே விடாமல் கூட்டி வந்தாள். "நீங்கள்தானே அண்ணை தீட்ட வேண்டாம் எண்டனீங்கள்!" அவன் வாயைத் திறந்தபோது வித்யாவே ஜன்னலைத் திறந்தாள். முரசைப் பார்த்து எண்ணினோம். நீலத்தில் பல பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகத்தான் தீட்டியிருந்தார்கள். பக்கத்தில் யாராவது பெரியவர் நிற்கும் வீடுகள் அவை. மஞ்சளிலும் பிறஷ் பாட்டுப் பாட, வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் முரசு வீங்கியிருந்தது. எந்தப் பிறஷ் என்று தீர்மானிக்க முன்னர் அந்தக் கை திரும்புகிறதா, பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிள்ளையின் பல் தேவைப்பட்டது.

ஷெரினைக் கரண்ட் பிறஷுக்குப் பழக்கியது வித்யா. முதல் நாள் அதைப் போடவேயில்லை. சும்மா கையில் வைத்திருக்கச் சொன்னாள். அடுத்த நாள் போட்டு, முழங்கையில் வைத்தாள். பிறகு கன்னத்தில். பிறகு உதட்டில். எட்டு நாளில் அது பல்லுக்குப் போனது. நான் கருவி அவிக்கும் அறைக் கதவு இடுக்கால் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஒரு பகிடிகூட விடாமல் எப்படி ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்கிறாள் என்று வயிறு எரிந்தது.

மூன்று பற்கள் தப்பின. நாலாவதைத் துளைக்க வேண்டியிருந்தது.

அந்த நாள் காலையில் பனி உருகி ரோட்டெல்லாம் சகதி. ஷெரின் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் ஏறினாள். மடாம் அப்படியே கதிரையைச் சரித்தார். ஊசி போட்டு, உதடு விறைக்கும்வரை காத்திருந்தோம். மடாம் வலப்பக்கம், வித்யா தலைமாட்டில், நான் இடப்பக்கம். என் வலக் கையில் எச்சில் உறிஞ்சும் குழாய். இடக் கை சும்மா இருந்தது.

துளைகருவி சத்தம் போட்டதும் பிள்ளையின் உடம்பு முழுக்க விறைத்தது. அந்தத் திரும்பாத கை கதிரையிலிருந்து எழும்பி, எதையாவது பிடிக்கத் தேடியது. என் இடக் கையை நீட்டினேன். அவளுக்கு மிகக் கிட்ட இருந்த கை அதுதான். அவளுடைய விரல்கள் என் விரல்களில் முட்டின. கண்ணைத் திருப்பி அது யாருடைய கை என்று பார்த்தாள். பிறகு அதைத் தாண்டி, தோளைத் தூக்கிக் கழுத்தைச் சரித்து, தலைமாட்டில் இருந்த வித்யாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"குழாய் இன்னும் கொஞ்சம் உள்ளே, மெசியே நேசன்," என்றார் மடாம்.

உள்ளே வைத்தேன். துளைத்து முடியும்வரை அவள் நாக்கில் ஒரு துளி தண்ணீர் தேங்க விடவில்லை.